அரைக்கோட்டை

எங்கள் குடும்பத்துக்கு ஒரு காலத்தில் கோட்டை இருந்ததாகச் சித்தப்பா சொல்லிக்கொண்டிருந்தார். முழுக் கோட்டை இல்லை, பாதி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஆவடிக்கு வேலைக்கு வந்து, ஓய்வும் பெற்று, பட்டாபிராமில் வீடு கட்டிக் குடியேறிய பிறகும் அந்தப் பாதியை அவர் விடவில்லை. ஆதாரம், கொள்ளுத்தாத்தா காலத்துக் கிரயப் பத்திரம். அதில் 'அரைக்கோட்டை' என்று ஓர் இடத்தில் வருவதாகத் தாத்தா படித்துக் காட்டியிருந்தாராம். மற்ற வரிகளை யாரும் படித்ததில்லை.

சித்தப்பா மகளுக்குக் கல்யாணம் பேசிய சமயம், குடும்பத்தின் கதையை எழுதிவைக்க எனக்கு ஆசை வந்தது. பத்திரத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். கோவில்பதாகையில் எங்கள் ஃப்ளாட்டில் லேப்டாப்பில் பெரிதாக்கிப் பார்த்தால், தமிழ்தானா என்றே சந்தேகம். மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. கொவுக்கும் கோவுக்கும் ஒரே கொம்பு. எழுதியவர் சொல்லுக்குச் சொல் இடைவெளியும் விடவில்லை.

தெரிந்த சொற்களிலிருந்து தொடங்கினேன். 'குமாரர்', 'எழுதிக்கொடுத்த' என்பவற்றில் அவர் கை எப்படி வளைகிறது என்று பார்த்து, அதே வளைவைப் புரியாத இடங்களில் தேடினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைசிப் பக்கத்தில் 'பாட்டம் நெல் மூன்று கோட்டை' என்று தெளிவாக வந்தது. பாட்டம் என்றால் குத்தகை. குத்தகையாக யாராவது கோட்டையைக் கொடுப்பார்களா? அகராதியைப் புரட்டினேன். தென்பக்கத்தில் கோட்டை என்பது நெல் அளக்கும் கணக்கு. உடனே சித்தப்பாவின் வரிக்குப் போனேன். 'அரைக்கோட்டை'யோடு ஒட்டிக்கிடந்த எழுத்துகள் இப்போது பிரிந்தன: 'விதைப்பாடு'. அரைக் கோட்டை நெல்லை விதைக்கிற அளவு வயல். அவ்வளவுதான்.

தனியாக உட்கார்ந்து சிரித்தேன். மாப்பிள்ளை வீட்டாரிடமும் சித்தப்பா கோட்டையைச் சொல்லிவைத்திருக்கிறார் என்பது நினைவுக்கு வந்ததும் சிரிப்பு நின்றது.

மறுநாள் பட்டாபிராம் போய், எழுத்து எழுத்தாகக் காட்டினேன். விரலை வைத்து அவரும் கூட்டிப் படித்தார்.

"அப்பம் கோட்டையே கிடையாதா?" என்றார்.

"வயல் இருந்திருக்கு சித்தப்பா."

அதே வரியை மறுபடி மறுபடி கூட்டிப் படித்தார். காபி ஆறிப்போனது. நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் தானே சொல்லிவிடுவதாகக் கடைசியில் சொன்னார்.

ஆனால் நாளைத் தள்ளிக்கொண்டே போய், நிச்சயதார்த்தத்தன்று தட்டு மாற்றி முடித்த பிறகுதான் வாயைத் திறந்தார். சம்பந்தி பூந்தமல்லிக்காரர், அம்பத்தூரில் ஒரு பட்டறையில் ஃபோர்மேன். சித்தப்பா தலையைக் குனிந்தபடி சொன்னதை முழுசாகக் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"நீங்க கோட்டைன்னதுலேர்ந்து எங்க ஊட்ல நிம்மதியே இல்ல சம்பந்தி. பெரிய எடமாச்சே, நம்மகூட ஒட்டுவாங்களான்னு யோசிச்சிகினே இருந்தோம். எங்க அப்பா அம்மா அடுத்தவன் வயல்ல நெல்லு அறுத்தவங்க. நெல்லுன்னா நாங்களும் பேசலாம்."

சித்தப்பா நிமிர்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பந்தியில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து இலை. கோட்டைக்கு எத்தனை மரக்கால் என்று சம்பந்தி கேட்க, தெரியாமல் சித்தப்பா என்னைப் பார்த்தார். சொன்னேன்.

கல்யாணம் நன்றாக நடந்தது. பத்திரத்தின் மீதிப் பக்கங்களை இப்போது சித்தப்பாவே பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிறார். நான் ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கும்போதுதான் அவருக்குச் சந்தேகம் வரும். நேற்றுகூட, எல்லைக் கணக்கில் வருவது பனையா பானையா என்று கேட்டார். பனை என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.