பதினெட்டாவது கேள்வி

என் தங்கை டீன்யே வீட்டுப் பிறந்தநாளில் எல்லாரும் வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க, என் மனைவி வீட்ஸ்கே கழிவறை வாசலில் மண்டியிட்டுக் கதவு நிலையை அளந்துகொண்டிருக்கிறாள். கோட்டுப் பையிலிருந்து டேப்பை உருவும்போது சர்ரென்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டதும் காபிக் கோப்பையோடு இருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார்கள். நான் என் சக்கர நாற்காலியின் பிரேக்கைப் பார்ப்பேன்.

"எழுபத்தொண்ணுதான்! யெல்லே, இது உனக்கு ஆகாது. ஒரு காபியோட நிறுத்திக்க!"

இத்தனையும் சத்தமாக. அதன்பிறகுதான் வட்டத்துக்குள் வந்து, பிறந்தநாள்காரியில் தொடங்கி அவளுடைய மாமியார், பக்கத்து வீட்டுக்காரர் வரைக்கும் ஒவ்வொருவராகக் கைகுலுக்கி வாழ்த்துச் சொல்வாள். எங்கள் வழக்கப்படி பிறந்தநாளுக்கு வந்த அத்தனை பேரையும் வாழ்த்தியாக வேண்டும். கேக் மட்டும் ஆளுக்கு ஒரு துண்டுதான்.

வீட்ஸ்கே முப்பத்தோரு வருஷம், கால்வாய்த் தண்ணீரின் மட்டத்தை அளந்து காக்கிற நீர் வாரியத்தில் வேலை பார்த்தவள். எங்கள் ஊர் கடல் மட்டத்துக்கு நான்கு மீட்டர் கீழே இருக்கிறது. கால்வாயில் தண்ணீர் இரண்டு சென்டிமீட்டர் கூடினால் போதும், பம்ப்புக்காரரைத் தொலைபேசியில் அழைத்து, "என்ன ஓய், தூங்குறீரா?" என்று கேட்பாள். ஓய்வுபெற்ற மறுநாள் வாரியத்துக்காரர்கள் பூங்கொத்து கொடுத்தார்கள். இவள் இந்த டேப்பைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டாள். மறந்துவிட்டாள் என்றுதான் நாங்கள் எல்லாரும் சொல்லிக்கொள்கிறோம்.

எட்டு வருஷத்துக்கு முன்பு என் நரம்புகள் ஒவ்வொன்றாக வேலைநிறுத்தம் செய்யத் தொடங்கின. கால்கள் முதலில் போயின. கைகள் மட்டும் கோடையில் ஒழுங்காக வரும். நவம்பரில் ஈரக்காற்று அடிக்கத் தொடங்கினால் விரல்கள் மரக்கட்டையாகி, சக்கரத்தைப் பிடிக்கமாட்டேன் என்றுவிடும். மார்ச் வரைக்கும் நான் ஜன்னலோரத்துத் தொட்டிச்செடி. ஒருநாள் காலைச் சாப்பாட்டின்போது, "நானே தனியாப் போயி ஒரு ரொட்டி வாங்கிட்டு வரணும், அவ்ளோதான் ஆசை" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். வீட்ஸ்கே ரொட்டியில் சாக்லேட் தூள் தூவிக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் ஒரு புது நோட்டுப் புத்தகம் வாங்கி வந்தாள்.

அந்த நோட்டில், குளிர்காலத்தில் நாங்கள் போய்த் தங்குவதற்காக, வெயில் அடிக்கிற நாற்பத்தோரு ஊர்கள் இருக்கின்றன. நாற்பது ஊர்கள் கோடு போட்டு அடிக்கப்பட்டுவிட்டன. காரணங்களைப் படித்தால் ஊர்க்காரர்கள் வழக்குப் போடுவார்கள். 'கழிவறைக் கதவு உள்பக்கம் திறக்கிறது. மூளை இருக்கிறதா?' 'நடைபாதை நடுவில் மரம்.' 'நடைபாதை நடுவில் மேயரின் சிலை.' 'எல்லாம் சரி, லிஃப்டுக்கு முன்னால் மூன்று படி. இவர்களை என்ன செய்தால் தகும்?'

நாற்பத்தோராவது ஊர் அல்மாரா. ஸ்பெயினின் தெற்குக் கடற்கரையில் ஒரு சின்ன ஊர். வீட்டுத் தரகர் பாஸ்குவாலுக்கு இவள் பதினேழு கேள்விகள் எழுதி அனுப்பினாள். வாசல் அகலம், நிலைப்படி உயரம், குளியலறைத் தரை வழுக்குமா, அடுப்பு மேடைக்கடியில் முழங்கால் நுழையுமா, ரொட்டிக்கடை எத்தனை மீட்டர். பாவம் அந்த மனிதர், ஒன்று விடாமல் அளந்து பதில் போட்டார். வாசல் தொண்ணூற்று மூன்று. நிலைப்படியே கிடையாது. ரொட்டிக்கடை இருநூறு மீட்டர்.

"யெல்லே, இந்த ஆளு மனுஷன்!" என்றாள். எங்கள் முப்பத்தாறு வருஷ வாழ்க்கையில் என்னைப் பற்றி அப்படிச் சொன்னதாக நினைவில்லை.

அல்மாராவின் வரைபடத்தை அச்செடுக்கும் பொறுப்பு என்னுடையது. அச்செடுத்துப் பார்த்தால் அந்தத் தெரு முழுக்கப் பழுப்பு நிறத்தில் கோடுகள் நெருக்கமாக விழுந்திருந்தன. இயந்திரத்தில் மை கசிகிறது என்று திட்டிக்கொண்டே பஞ்சு வைத்துத் துடைத்தேன். மறுபடி அச்செடுத்தாலும் அதே கோடுகள். கிடக்கட்டும், வழி தெரிகிறதல்லவா என்று விட்டுவிட்டேன். இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லித்தான் ஆகவேண்டும், சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது: நான் இருபத்தெட்டு வருஷம் பள்ளியில் பூகோளம் நடத்தியவன்.

பிப்ரவரியில் போனோம். பாஸ்குவால் காரிலிருந்து நாற்காலியை இறக்கி, என்னை உட்காரவைத்து, "இதோ உங்க வீடு!" என்றார். வீடு அழகாக இருந்தது. வாசல் தொண்ணூற்று மூன்றேதான், வீட்ஸ்கே அளந்துவிட்டாள். பிறகு தெருவுக்கு வந்து ரொட்டிக்கடையைத் தேடினாள். கடை அங்கேதான் இருந்தது. எங்களுக்கு அதன் கூரை தெரிந்தது.

அவள் கைப்பையிலிருந்து ஓர் ஆரஞ்சு நழுவித் தரையில் விழுந்தது. இரண்டு குதி குதித்தது, பிறகு உருண்டது. நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அது ஒரு பூனையைத் தாண்டி, சரிவு முடிகிற இடத்திலிருந்த ரொட்டிக்கடையைத் தாண்டி, துறைமுகத்துச் சதுக்கம் வரைக்கும் போய் ஒரு பெஞ்சுக்கு முன்னால் நின்றது. கடைக்காரம்மா வெளியே வந்து, ஆரஞ்சை எடுத்து, அண்ணாந்து பார்த்துக் கையசைத்தாள்.

பதினேழு கேள்விகளில் 'தெரு சமமாக இருக்குமா' என்ற கேள்வி இல்லை. எங்களுக்குத் தோன்றவே இல்லை. எங்கள் ஊரில் மேடு என்றால் கால்வாய்ப் பாலம்தான். இருநூறு மீட்டர் என்றால் இருநூறு மீட்டர், அதற்கு மேலும் கீழும் எங்கேயிருந்து வரும்?

"இதப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலியே நீங்க?" என்று வீட்ஸ்கே பாஸ்குவாலிடம் கேட்டாள்.

"நீங்க கேக்கலியேம்மா," என்றார் அவர், நிஜமான வருத்தத்தோடு. "கடல் நல்லாத் தெரியணும்னு ஆசைப்படுறீங்கன்னு நெனச்சேன்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மைக் கசிவு என்று நான் துடைத்த பழுப்புக் கோடுகள் அத்தனையும் மேட்டைக் காட்டுகிற சமஉயரக் கோடுகள். இருபத்தெட்டு வருஷப் பூகோளமும் முப்பத்தோரு வருஷ மட்டக்கணக்கும் சேர்ந்து மலை உச்சியில் வந்து நிற்கிறதே என்று சிரித்தேன். வீட்ஸ்கே சிரிக்கவில்லை. பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள்.

விடுதிக்கு வந்ததும் டேப்பைப் பெட்டிக்குள் அடியில், குளிர்காலச் சட்டைகளுக்குக் கீழே வைத்து மூடினாள். "இத்தோட விட்ரலாம் யெல்லே. ரெண்டு வருஷமா உன்ன நம்ப வச்சு, கடைசில ஒரு மலை மேல கொண்டாந்து வச்சேன் பாரு. என்னை மாதிரி ஒரு முட்டாள் உண்டா?" அவள் அழுது நான் பார்த்தது கொஞ்சம். அன்று முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதாள். இவள் தேடுவதை நிறுத்தினால் என் ரொட்டிக்கடை ஆசைக்கும் அன்றோடு மூடுவிழா, எனக்குத் தெரியும். ஆனால் அந்த நிமிஷம் அதைவிட அந்தத் துண்டுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

"மழை பெஞ்சா இந்த ஊர்த் தண்ணி எங்க போயி நிக்கும்?" என்று கேட்டேன்.

"கீழதான். இது ஒரு கேள்வியா?"

"ஆரஞ்சு எங்க போயி நின்னுச்சு?"

துண்டு இறங்கியது. கண் சிவந்து, மூக்கு ஒழுக, என்னை ஒரு முறை முறைத்தாள். "இத அந்த வரைபடத்தப் பாத்தப்பவே சொல்லித் தொலச்சிருக்கலாம்ல வாத்தியாரே?"

மறுநாள் டேப்பைப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு, பாஸ்குவாலைத் துறைமுகத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். சதுக்கத்தை ஒட்டி மீன் ஏலக் கொட்டகை. அதற்குப் பக்கத்தில், மீன்வலைக் கிடங்காக இருந்த ஒரு வீடு, தரைத்தளம், நாலு வருஷமாகப் பூட்டிக்கிடந்தது. பாஸ்குவால் மூக்கைச் சுளித்தார். "இங்க மீன் நாத்தம் அடிக்கும்மா. வெளிநாட்டுக்காரங்க யாரும் எடுக்க மாட்டாங்க."

"நாத்தத்த அளக்க எங்கிட்ட டேப் இல்ல," என்றாள். வாசல் எண்பத்தெட்டு. நிலைப்படி ஒன்றரை. கழிவறைக் கதவு வெளிப்பக்கம் திறந்தது. அதைத் திறந்து மூடி, திறந்து மூடி, நான்கு தரம் பார்த்தாள்.

பிறகு கைப்பையிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்து வாசலுக்கு வெளியே தரையில் வைத்தாள். நின்றது. பத்தடி தள்ளி வைத்தாள். நின்றது. இப்படியே குனிந்து குனிந்து, வலை பின்னிக்கொண்டிருந்த மீனவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க, ரொட்டிக்கடை வாசல் வரைக்கும் ஆரஞ்சை வைத்துக்கொண்டே போனாள். தெரிந்தவர்கள் யாரும் அங்கே இல்லை என்பதில் எனக்கு அளவில்லாத நிம்மதி.

திரும்பி வந்து என் மடியில் சில்லறையைப் போட்டாள். "போ," என்றாள்.

"நீ?"

"நான் எதுக்கு? போ."

எட்டு வருஷமாக என் முதுகுக்குப் பின்னால் எப்போதும் இரண்டு கைகள். அவை இல்லாமல் போவதற்குப் பயமாகத்தான் இருந்தது, மறைப்பானேன். அவள் பெஞ்சில் போய்க் கடலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள், எனக்கு முதுகைக் காட்டி. பிப்ரவரி வெயில் முழங்கை வரைக்கும் இறங்கியிருந்தது. விரல்கள் சக்கரத்தைப் பிடித்தன. நூற்றுப்பத்து மீட்டர். போகிற வழி முழுக்கப் பின்னால் சர், டக், சர், டக் என்று டேப்பை உருவி விடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

கடைக்காரம்மா என்னைப் பார்த்ததும் உள்ளே திரும்பி, "ஆரஞ்சுக்காரர் வந்திருக்காரு!" என்று கூவினாள். பதற்றத்தில் நான் அவள் கையைப் பிடித்துக் குலுக்கி வாழ்த்துச் சொல்லிவிட்டேன். அவளுக்கு எதுவும் புரிந்திருக்காது. ரொட்டி சூடாக இருந்தது. மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன். வழியில் ஒருமுறை நின்று கையை உதறிக்கொண்டேன். வீட்ஸ்கே திரும்பிப் பார்க்கவில்லை. சத்தம் மட்டும் எப்போதோ நின்றிருந்தது.

பெஞ்சருகே போய் அவள் தோளில் ரொட்டியால் தட்டினேன். வாங்கிக்கொண்டாள். ரொட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு டேப்பை இழுத்து ரொட்டிமேல் வைத்தாள். டேப் இரண்டு தரம் நழுவி உள்ளே ஓடியது. மூன்றாவது தரம் நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன்.

"முப்பத்தொண்ணு," என்றாள்.