மேட்டுப்பக்கம் தோற்ற சாயங்காலம்

கண்ணாடிக்காரருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே சட்டென்று திரும்பிப் பார்க்க மாட்டார். ஜன்னலுக்குக் கண்ணாடி போடுவது, கடை முகப்புக்குக் கண்ணாடி நிறுத்துவது, உடைந்ததை அள்ளிப் புதிதை வெட்டி வைப்பது, இதுதான் பிழைப்பு. கீழே கடை, கடைக்குப் பின்னால் வீடு, மாடியில் வாடகைக்கு ஒரு அறை. பிள்ளைகள் கிடையாது. அவரும் மனைவியும்தான்.

பேச்சு குறைந்த மனிதர். சண்டை என்றால் தெருவை மாற்றிக்கொண்டு போகிற சுபாவம். ஆனால் மேட்டுப்பக்க அணி மைதானத்தில் இறங்கிவிட்டால் ஆளே வேறு. தொண்டை கட்டும் வரைக்கும் கத்துவார். மறுநாள் கடைக்கு வருகிறவர்களிடம் சைகையிலேயே அளவு கேட்பார். ஊருக்கு இரண்டு கால்பந்து அணி. மேட்டுப்பக்கம் மஞ்சள், ஆற்றுப்பக்கம் பச்சை. அவருடைய தங்கையைக் கட்டிக்கொடுத்திருந்தது ஆற்றுப்பக்கத்தில். தங்கை கணவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், வாயைத் திறந்தால் கிண்டல்தான். பச்சை ஜெயித்த வருஷங்களில் கண்ணாடிக்காரர் தங்கை வீட்டுப் பக்கமே தலை காட்டமாட்டார்.

மேட்டுப்பக்கத்துக் கோல் கீப்பர் மாடி அறைக்குக் குடிவந்தபோது அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. பெயிண்ட் கம்பெனி குடோனில் வேலை பார்த்துக்கொண்டே ஆடுகிற பையன். கல்யாணம் ஆகாதவன், அதிர்ந்து பேசாதவன். "நம்ம கீப்பர் நம்ம வீட்டுலதான் இருக்கார்" என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டு திரிந்தார். மனைவிதான், வாடகைக்கு வந்தவனைக் கண்காட்சி ஆக்காதீங்க என்று கடிந்துகொண்டாள்.

அந்த வருஷத்து ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தோற்காமல் இருந்தாலே மேட்டுப்பக்கத்துக்குக் கோப்பை. கடைசி நிமிஷம் வரைக்கும் இரண்டு பக்கமும் கோல் இல்லை. அப்போது பச்சைச் சட்டைக்காரன் ஒருவன் தூரத்திலிருந்து போனால் போகிறது என்று ஒரு உதை விட்டான். பந்துக்கு வேகமே இல்லை. புல்லில் உருண்டு உருண்டு வந்தது. கீப்பர் குனிந்து இரண்டு கையையும் வைத்தான். பந்து கைக்குள் வந்தது, கையை விட்டு நழுவியது, காலுக்கு இடையே புகுந்து கோட்டைத் தாண்டிவிட்டது.

பக்கத்தில் யாரும் பேசவில்லை. எதிர்ப்பக்கத்துக் கூச்சல் கண்ணாடிக்காரருக்கு எங்கோ வேறு ஊரில் நடப்பது மாதிரி கேட்டது. அவருக்குப் பின்வரிசையில் ஒருவர், யாரென்று தெரியவில்லை, மெதுவாகத்தான் சொன்னார்.

"காசுக்கு வித்துட்டான்."

அந்த வார்த்தை வரிசை வரிசையாகக் கீழே இறங்கியது. கேட்டவுடன் கண்ணாடிக்காரருக்குக்கூட ஒரு ஆறுதல் வந்தது என்பதுதான் உண்மை. துக்கத்துக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு கிடைத்த மாதிரி. பக்கத்தில் இருந்த சலூன்காரர், பல வருஷமாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கத்திய சிநேகிதர், அவர் தோளைத் தொட்டார்.

"உன் வீட்டுலதானே இருக்கான். ஒனக்கு ஏதாவது தெரியுமா?"

கண்ணாடிக்காரர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நெஞ்சு எரிந்துகொண்டிருந்தது.

"நாலஞ்சு நாளா ஒரு ஆளு பையோட வர்றான், போறான். கதவைச் சாத்திக்கிட்டுப் பேசுறாங்க. என்னமோ போ."

அவ்வளவுதான் சொன்னார். வாசலை நோக்கிக் கூட்டத்தோடு நகர்ந்தபோது, முன்னால் போன முகம் தெரியாத ஒருவன் இன்னொருவனிடம் சொல்லிக்கொண்டு போனது காதில் விழுந்தது. பெரிய பையாம், வீட்டுக்காரரே கண்ணால பாத்தாராம். அது அப்படி இல்லை என்று சொல்லக் கண்ணாடிக்காரர் வாயெடுத்தார். சொல்வதற்குள் அந்த ஆள் கூட்டத்தில் கரைந்துவிட்டான்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் பின்கதவு தட்டப்பட்டது. மனைவி திறந்தாள். கீப்பர் நின்றான். மஞ்சள் சட்டைகூட மாற்றவில்லை, ஷூவும் காலிலேயே இருந்தது. மைதானத்துப் பின்சுவர் ஏறிக் குதித்து, சந்து சந்தாக வந்திருக்கிறான். வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டிருந்தான். இரண்டு விரல்கள் கத்தரிக்காய் மாதிரி வீங்கிக் கருத்திருந்தன.

மனைவி பதறிப்போய் என்னவென்று கேட்டாள். பயிற்சியில் போன வாரமே அடிபட்டது என்றான். சொன்னால் இந்த ஆட்டத்தில் இறக்கமாட்டார்கள் என்று மறைத்துவிட்டானாம். குடோன் பக்கத்து மருந்துக்கடைக் கம்பவுண்டர் தினமும் வந்து கட்டுப் போட்டுவிட்டுப் போனாராம்.

"பையோட வருவாரே, அவரா?" என்று கேட்டார் கண்ணாடிக்காரர்.

"ஆமாண்ணே. பஞ்சு, பிளாஸ்திரி எல்லாம் அதுலதான் கொண்டாருவாரு."

கண்ணாடிக்காரரால் அவனை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. அது இருந்த இடத்தில் இப்போது பயம் மட்டும் உட்கார்ந்திருந்தது. மைதானத்தில் பார்த்த முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அத்தனையும் தெரிந்த முகம். அவர்களைப் பற்றிப் போலீஸ்காரருக்குத் தெரிந்ததைவிட இவருக்கு அதிகம் தெரியும். யார் குடித்தால் என்ன ஆவான், யார் முதல் கல்லை எடுப்பான், யார் கூட்டத்துக்குப் பின்னால் நின்றே ஏற்றிவிடுவான் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

போலீசுக்குப் போன் செய்தார். ஊர் முழுக்க ஊர்வலம், ஆள் கிடைத்ததும் அனுப்புகிறோம் என்றார்கள். போனை வைக்கும்போதே தெருமுனையில் சத்தம் கேட்டது. பாட்டோ கோஷமோ இல்லை. நிறையப் பேர் ஒரே நேரத்தில் நடந்து வருகிற சத்தம்.

"எங்கயாவது கூட்டிட்டுப் போங்க" என்றாள் மனைவி.

"எங்க போறது? மேட்டுப்பக்கத்துல எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும்..."

"மேட்டுப்பக்கத்துல யாரு தட்டச் சொன்னா? உங்க தங்கச்சி வீட்டுக்குப் போங்க."

அவர் அவளையே பார்த்தார். இந்தப் பையன் இன்றைக்குத் தோற்றுப்போனது யாரிடமோ, அவர்கள் நடுவிலேயே கொண்டு விடுவதா? ஆனால் யோசித்துப் பார்த்தால், இன்றைக்கு இவன்மேல் கோபம் இல்லாத இடம் ஊரில் அது ஒன்றுதான்.

சந்தில் அவருடைய வேன் நின்றது. கண்ணாடிப் பலகைகளைச் சாய்த்து வைக்க நடுவில் கூடாரம் போல ஒரு மரச்சட்டம் இருக்கும். அதன் உட்பக்கம் வெற்றிடம். கீப்பரை அதற்குள் சுருண்டு படுக்க வைத்தார். இரண்டு பக்கமும் பாத்ரூம் ஜன்னலுக்குப் போடுகிற மங்கல் கண்ணாடிகளைச் சாய்த்துக் கயிறு கட்டி, மேலே தார்ப்பாயை இழுத்துவிட்டார். மனைவி வீட்டைப் பூட்டிவிட்டு முன்சீட்டில் ஏறினாள். கடையை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, போனா போகட்டும், ஓட்டுங்க என்றாள்.

சந்து திரும்பித் தெருவுக்கு வந்ததுமே கூட்டம் மறித்தது. முன்னால் சலூன்காரர்.

"எங்க கிளம்பிட்டே?"

"ஆஸ்பத்திரியில ஜன்னல் போயிடுச்சாம். அவசரமா போடணுமாம்."

"மேல இருக்கானா அவன்?"

"நான் பாக்கல." சொன்னது தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

சலூன்காரர் அவர் முகத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். பிறகு பின்பக்கம் போனார். தார்ப்பாயின் ஓரத்தை அவர் விரல்கள் பிடிப்பது பக்கவாட்டுக் கண்ணாடியில் தெரிந்தது. மனைவி கண்ணாடிக்காரரின் முழங்கையை இறுகப் பிடித்தாள். பிடித்த இடம் ஒரு வாரத்துக்குக் கன்றிப்போயிருந்தது.

"கையை வைக்காதே" என்றார் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி. "ஓரம் தேய்க்காத கண்ணாடி. நரம்பு அறுந்தா அப்புறம் கத்தரி பிடிக்க முடியாது."

சலூன்காரர் ஓரத்தைச் சற்றே தூக்கிக் குனிந்தார். பிறகு தார்ப்பாயை விட்டுவிட்டு, வழி விடுங்கப்பா என்று கையை வீசினார். உள்ளே இருந்த மஞ்சள் துணியை அவர் பார்த்தாரா, பார்க்காதது போல விட்டாரா என்று கண்ணாடிக்காரருக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. கேட்கவும் தைரியம் வரவில்லை.

பாலத்தைத் தாண்டினால் வேறு உலகம். தெருவெல்லாம் பச்சை, மேளம், ஆட்டம். வேன் ஊர்ந்துகொண்டுதான் போனது. ஆடுகிறவர்கள் சந்தோஷத்தில் வேனின் பக்கங்களை அடித்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் பின்னால் கண்ணாடிகள் கிணுகிணுத்தன. ஒன்று சரிந்தாலும் உள்ளே இருப்பவன் கதி என்ன ஆகும் என்று நினைத்து அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பிரேக்கைத் தொட்டுத் தொட்டு ஓட்டினார். அப்போதுதான் வேனுக்குள் முன்கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்த தன் மஞ்சள் கொடி கண்ணில் பட்டது. அவர் கைநீட்டுவதற்குள் மனைவி அதைப் பிய்த்து, தனக்கு அடியில் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

தங்கை வீட்டில் கூடம் முழுக்க ஆட்கள். டிவியில் அந்தக் கோலையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பச்சைச் சட்டையோடு வாசலுக்கு வந்த மாப்பிள்ளை, மச்சானைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாகக் கையை விரித்தார். கண்ணாடிக்காரர் தார்ப்பாயை விலக்கி, கண்ணாடிகளை ஒவ்வொன்றாக இறக்கிச் சுவரில் சாய்த்தார். கீப்பர் எழுந்து நின்றான். கால் மரத்துப்போய் வேனைப் பிடித்துக்கொண்டான்.

கூடத்தில் பேச்சு நின்றது. டிவியில் மட்டும் அந்தப் பந்து இன்னொரு தடவை உருண்டது. எல்லோரும் திரையையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தார்கள். யாரோ ஒருவன் சிரிக்க ஆரம்பித்தான். கண்ணாடிக்காரர் கீப்பரைத் தனக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார். இனி ஓடவும் இடமில்லை.

மாப்பிள்ளை உள்ளே போய் டிவியை அணைத்தார். "எங்க மச்சான் கூட்டிட்டு வந்த ஆளு. யாரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது" என்றார். பிறகு கீப்பரின் கையைத் தூக்கிப் பார்த்தார்.

"இதோட முழு ஆட்டமும் நின்னியா?"

கீப்பர் தலையை மட்டும் ஆட்டினான்.

மாப்பிள்ளையே அவனைப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். இரண்டு விரலிலும் எலும்பு முறிவு. ராத்திரி சாப்பாட்டின்போது மாப்பிள்ளை கிண்டல் ஒன்றுகூடச் செய்யவில்லை. வெளியே பட்டாசு வெடிக்கும்போதெல்லாம் கீப்பர் தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்தான், கண்ணாடிக்காரரும்தான். தங்கை இரண்டு பேர் தட்டிலும் இன்னும் கொஞ்சம் போட்டாள்.

மறுநாள் காலை வந்து பார்த்தால் கடையில் உடையாத பலகை ஒன்றுகூட மிச்சமில்லை. மாடிக் கதவு பிளந்து கிடந்தது. கீப்பரின் துணிகளைக் கிழித்துப் படிக்கட்டில் இறைத்திருந்தார்கள். பெருக்குவதற்கு அக்கம்பக்கத்தார் சிலர் வந்தார்கள். அதில் உடைத்த கை எது என்று கண்ணாடிக்காரர் பார்க்கவில்லை. குனிந்த தலை நிமிராமல் அள்ளினார்.

மைதானத்தில் தான் சொன்னதை அன்றைக்குத்தான் மனைவியிடம் சொன்னார். அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "அவன்கிட்டச் சொல்லிடுங்க" என்றாள். கீப்பர் வேறு ஊருக்குப் போவதற்கு முன் விடைபெற வந்தான். கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு, "நீங்க இல்லன்னா நான் இல்லண்ணே" என்றான். கண்ணாடிக்காரர் வாயைத் திறந்தார். வந்தது, உடம்பைப் பாத்துக்கோ என்பதுதான்.

அதற்குப் பிறகு அவர் மைதானத்துக்குப் போகவில்லை. போவதாக இரண்டு தடவை கிளம்பி, பஸ் ஸ்டாப்பில் மஞ்சள் சட்டைகளைப் பார்த்ததும் திரும்பிவிட்டார். அடுத்த வருஷத்து ஆட்டத்தை வீட்டில், சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு டிவியில் பார்த்தார். மேட்டுப்பக்கம் மூன்று கோல் போட்டு ஜெயித்தது. மனைவி கைதட்டினாள். அவர் எழுந்துபோய்த் தெருக்கதவின் தாழ்ப்பாள் சரியாக விழுந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார்.