ஜீப்பில் ஒரு மருந்துக்கடை

மூன்றாவது வளைவில் ஜீப் திரும்பும்போது இருளம்மாளின் வலது கை தானாக விலாவுக்குக் கீழே போய் அமுக்கும். வளைவு முடிந்ததும் அதே கை இடுப்பில் செருகிய சுருக்குப்பையைத் தேடும். ஆப்பசோடா ஒரு சிட்டிகை, நாக்கில். மேலே ஒரு வாய் தண்ணீர். பாட்டில் அவளோடு நிற்காது. பின்னால் நெருக்கி உட்கார்ந்திருக்கும் ஒன்பது பெண்களின் வாயையும் சுற்றிவிட்டு வெறுமையாகத் திரும்பி வரும்.

கம்பத்திலிருந்து கேரளத்து ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிற ஜீப் அது. ஐந்தரைக்குக் கிளம்பும். சோறு பத்தரைக்குத்தான், அதுவரை வயிற்றில் கட்டன் சாயா மட்டும். ஒருத்திக்கு எரியும், ஒருத்திக்குக் குமட்டும், ஒருத்திக்கு நெஞ்சை அடைக்கும். எல்லாவற்றுக்கும் அவர்கள் வைத்திருக்கும் பெயர் கேஸ். மருந்து இருளம்மாளிடம்: ஓமம், சுக்கு, சப்பித் தின்கிற ரோஸ் மாத்திரை. நீட்டிய கைக்கு இல்லை என்று அவள் சொன்னதில்லை. தூக்குச்சட்டியைத் திறந்தால்கூட முதல் கை சோறு பக்கத்தில் இருப்பவளுக்குத்தான்.

"மெடிக்கல் ஷாப்பு ஏறிருச்சா? வண்டிய எடுக்கலாமா?" இது டிரைவர் மலைச்சாமி தினமும் கேட்பது.

"ஒனக்கும் ஒருநா வலிக்கும்ல, அன்னிக்கி வருவ." இது அவள் தினமும் சொல்வது.

சித்திரையில் அவளுக்கு வாந்தி காப்பித்தூள் நிறத்தில் வந்தது. தேனியில் ஒரு டாக்டரம்மா வாய்வழியே குழாய் விட்டுப் பார்த்தார். இரைப்பையின் உள்சுவர் வெந்து சிவந்திருக்கிறது, ஓரிடத்தில் புண், காரணம் ஒரு கிருமி என்றார். நாளுக்கு ஒரு மாத்திரை அட்டை, பதினாலு நாளைக்குப் பதினாலு அட்டை, ஒன்றைக்கூட விடக்கூடாது. தொற்றுமா என்று இருளம்மாள் கேட்டாள். எச்சில், தண்ணீர் வழியாகப் பரவலாம் என்றார்.

அந்தப் பதில்தான் அவளைக் கெடுத்தது. ஐந்தாம் நாள் எரிச்சல் அடங்கியது. ஆறாம் நாள் மிச்சமிருந்த ஒன்பது அட்டையையும் ஜீப்பில் ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டாள். வீட்டில் மகள் சினேகா தலையிலடித்துக்கொண்டாள்.

"எம் பாட்டில்ல குடிச்சுத்தானடி அதுகளுக்கு வந்திருக்கும்? டாக்டரம்மாவே சொன்னாக. நாங் குடுத்தத நாந்தான தீக்கணும்."

ஒன்பது பேருக்கும் ஒரு நாள் சுகமாக இருந்தது. அவளுக்கு இரண்டு மாதம். ஆடியில் மலம் தார் மாதிரி இறங்கியது. ஏலச்செடிகளுக்கு நடுவில் மயங்கி விழுந்தாள். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். பாதியில் விட்டதில் கிருமி அந்த மருந்துக்குப் பழகியிருக்கும், இனி வேறு மருந்து என்றார் டாக்டரம்மா. "இதையும் விட்டுட்டு வந்தீங்கன்னா, அடுத்த தடவ இங்க வந்து சேர்றதுக்கு உசுரு இருக்கணும்."

இப்போது பாட்டில் அவரவருக்குத் தனித்தனி. சுருக்குப்பை வீட்டு ஆணியில் தொங்குகிறது. காலை வேளைக்கான மாத்திரைகளைச் சேலை நுனியில் முடிந்துகொண்டு வருகிறாள். மலைச்சாமி கடையைப் பற்றிக் கேட்பதில்லை.

பக்கத்தில் உட்காருவது சண்முகத்தாய். முப்பது தாண்டாதவள். "நீயும் போயி ஒருக்கா குழா விட்டுப் பாரு புள்ள" என்று எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது.

"ரெண்டு நா வரலன்னா எம் எடத்துல வேற ஆள ஏத்திருவாக மதினி. அப்பறம் வருசம் பூரா வீட்டுலதான் குத்தவைக்கணும்."

போன வியாழக்கிழமை, புது மருந்தின் ஆறாம் நாள், மூன்றாவது வளைவில் சண்முகத்தாய் குனிந்து கேரிபேக்குக்குள் வாந்தி எடுத்தாள். நிமிர்ந்தவள் வாயைக்கூடத் துடைக்காமல் உள்ளங்கையை நீட்டினாள்.

"ஒரே ஒரு வேளைக்கு மதினி."

இருளம்மாள் கேரிபேக்கை வாங்கி உள்ளே பார்த்தாள். அந்த நிறம் அவளுக்குத் தெரியும்.

"இது கேஸ் இல்ல புள்ள" என்றாள். பிறகு முன்பக்கம் பார்த்து, "ஏலே மலைச்சாமி, வண்டியத் திருப்பு."

மலைச்சாமி கண்ணாடியில் பின்னால் பார்த்தான். திருப்பினால் பத்துப் பேருக்கும் அன்றைக்கு வேலை இல்லை. வண்டி நாலாவது வளைவுக்கு ஏறிக்கொண்டிருந்தது.

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. இருளம்மாள் இடது கையால் சண்முகத்தாயின் முதுகைத் தடவினாள். வலது கையால் சேலை நுனியைப் பிடித்து, பல்லால் இழுத்து, முடிச்சின் மேல் இன்னொரு முடிச்சுப் போட்டாள்.