பெருவிரல் அழுத்திய கேபிள்

யட்டியாந்தோட்டை பஜாரில் நான் கம்ப்யூட்டர் பழுதுபார்த்த காலத்தில், ரப்பர் பால் வெட்டும் ஒருவர் பழைய மெஷினொன்றைத் தூக்கிவந்தார். ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடுகிறதாம். திறந்தேன். போர்டில் ஹார்ட் டிஸ்க் கேபிள் செருகும் இடம் தளர்ந்திருந்தது. கழன்றுவிடாமலிருக்க ரப்பர் பாலை ஊற்றிக் காயவைத்திருந்தார். எரிச்சலோடு அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, பக்கத்திலிருந்த நல்ல கனெக்டரில் கேபிளை மாட்டினேன். சோதித்துப் பார்க்க, குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போன அவர் மனைவி அனுப்பி அதில் இருந்த வீடியோவை ஓடவிட்டேன். அவரோ கறைபடிந்த பெருவிரலால் கேபிளை அழுத்தியபடியே பார்த்தார்.

“இனிமே பிடிக்கத் தேவையில்லண்ணே.”

“தெரியுதுங்க தம்பி. வீட்டுல பால் ஊத்தியும் கைய எடுத்தா அவ பேச்சு பாதியில நின்னுரும். பழகிப்போச்சு.”

வீடியோ முடிந்து திரை கறுத்த பிறகும் அந்த விரல் அங்கேயே இருந்தது. மெஷினின் மூடியை மாட்டாமல், வீடியோவை மறுபடி ஓடவிட்டேன்.