ஏழுமலை போட்டுக் கொடுத்த தனி பிளக்

ஏழுமலை போய்விட்டாராம்.

திண்டிவனத்தில் எங்கள் ஏரியா கேபிள், இன்டர்நெட் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்த ஏழுமலை. காலையில் நெஞ்சு வலி என்றிருக்கிறார்... ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது. என்னைவிட ரெண்டு வயசுதான் பெரியவர்.

ஸ்டாஃப் ரூமில் கேள்விப்பட்டேன். அதற்கப்புறம் ஒரு வேலையும் ஓடவில்லை. வீட்டுக்கு வந்ததிலிருந்து மாடிக்கும் ஹாலுக்குமாக ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறேன். படியில் நின்றுகொண்டுதான் இதை டைப் செய்கிறேன், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அஞ்சு வருஷம் இருக்கும். தோஹாவில் இருக்கும் என் தம்பி ஜெரால்டு வீட்டில் யாரையும் கேட்காமல் அங்கேயே ரிஜிஸ்டர் மேரேஜ் செய்துகொண்டான். மாதா கோயிலில் ஓலை வாசித்து ஊருக்கு அறிவிக்காத கல்யாணம் கல்யாணமே இல்லை என்றார் அம்மா.

"அவங்கூட இந்த வூட்ல யாரும் போன்ல பேசக்கூடாது."

நானும் மண்டையை ஆட்டினேன். முப்பத்தாறு வயசு கணக்கு வாத்தியார்... அம்மா முன்னால் அவ்வளவுதான் வீரம்.

போனில்தானே பேசக்கூடாது? மாடியில் என் கேம் கன்சோல் இருந்தது. தம்பி டூட்டிக்குக் கிளம்பும் முன்னால், நமக்கு சாயங்காலம் ஆறரைக்கு, ஆன்லைனில் ஃபுட்பால் ஆடிக்கொண்டே ஹெட்செட்டில் பேசலாம் என்று பிளான். அம்மாவிடம், பேப்பர் திருத்துகிறேன் என்று ஒரு பொய்.

தம்பியின் பெயர் ஸ்க்ரீனில் தெரியும், குரல் வராது. கீழே ஹாலில் மோடம், மாடியில் நான் வாங்கி மாட்டிய இன்னொரு ரூட்டர். ரெண்டையும் மாற்றி மாற்றி ஆஃப் செய்து ஆன் செய்வதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம்.

ஏழுமலை வந்தார். தோளில் ஒயர் சுருள், வாயில் பாக்கு. ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"சார், கீழ மோடத்துக்குள்ளயே ஒரு ரூட்டர் இருக்குது. மேல நீங்க ஒண்ணு வெச்சிருக்கீங்க. ரெண்டும் நான்தான் வூட்டுக்கு பெரியவன்னு தனித்தனியா அட்ரஸ் குடுத்துக்கினு இருக்குது. தம்பி வாய்ஸ் எந்த வாசல்ல வரும்?"

மேல் ரூட்டர் அட்ரஸ் கொடுப்பதை செட்டிங்கில் நிறுத்தினார். ஒயரை நீலத் துளையிலிருந்து பிடுங்கி மஞ்சள் துளையில் சொருகினார். நான் திரும்ப ஏதாவது நோண்டுவேன் என்று தெரியும்போல... நீலத் துளைமேல் பிளாஸ்திரி ஒட்டி, பேனாவால் 'இதுல சொருகாதீங்க' என்று எழுதினார்.

தம்பி குரல் வந்தது. மூணு மாசம் கழித்து. ரெண்டு பேருமே கோல் போடவில்லை அன்றைக்கு.

ஆனால் சரியாக ஏழு மணிக்குக் கட். மறுநாளும் ஏழு மணிக்குக் கட். மேல் ரூட்டரில் லைட் எரிகிறது, செல்லில் சிக்னல் ஃபுல்... நெட் மட்டும் இல்லை. ஏழரைக்கு நான் கீழே போனால் எல்லாம் ஒழுங்காக ஓடும்.

நாலாம் நாள் தம்பி மெசேஜ் போட்டான். "அம்மா வந்தா பயந்து கட் பண்ற. வேணாண்ணா. விட்ரு."

அன்றே ஏழுமலைக்கு போன் போட்டுக் கத்தினேன். ஆறே முக்காலுக்கு வந்து நின்றார். தோஹா, தம்பி எல்லாம் சொல்லி, அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்று ரெண்டு தடவை சொன்னேன். நான் மாடியில் கன்சோல் முன்னால். அவர் ஹாலில் மோடத்தையே பார்த்துக்கொண்டு.

ஏழு மணிக்கு அம்மா ஜெபமாலையை எடுத்தார். மாதா முன்னால் ஜெபிக்கும்போது டிவியின் சிவப்பு லைட்கூட எரியக்கூடாது எங்கள் வீட்டில். சுவிட்ச்சை அணைத்துவிடுவார். மோடமும் அதே சுவிட்ச் பாக்ஸில்தான் சொருகியிருந்தது. இத்தனை வருஷம் அது எனக்கு உறைக்கவே இல்லை.

கீழே ஏழுமலை குரல் கேட்டது.

"அம்மா, அணைக்காதீங்க! மேல பெரியவரு சின்னவரோட பேசிக்கினு இருக்காரு. நீங்க அணைச்சா அவருக்கு கட்டாவுது."

நான் எப்படிப் படி இறங்கினேன் என்று தெரியாது. சுவிட்ச்சில் கை வைத்தபடி அம்மா. "உன்ன யாருய்யா கேட்டா? வந்த வேலைய பாத்துட்டு போ!" என்று அவர்மேல் பாய்ந்தேன். அம்மாவிடம் கத்த வேண்டியதை எல்லாம் அவரிடம் கத்தினேன்.

மனுஷன் ஒயர் சுருளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வாய் தவறிச் சொன்னாரா, வேண்டுமென்றே சொன்னாரா... இன்றுவரை தெரியாது. கேட்டிருக்கலாம்.

அம்மா சுவிட்ச்சை விட்டுவிட்டு ஜெபத்துக்கு உட்கார்ந்தார். மறுநாள் நான் ஸ்கூல் விட்டு வந்தால் ஹால் சுவரில் மோடத்துக்குப் புது பிளக்.

"ஏழுமலைய கூப்ட்டு போட சொன்னேன். டிவி தனி, அது தனி," என்றார் அம்மா. பிறகு, "ஒன் தம்பி சாப்ட்டானான்னு கேளு."

முந்தின நாள் அவ்வளவு வாங்கிக் கட்டிக்கொண்டு, கூப்பிட்டதும் வந்து போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் அப்புறமும் ஒரு சாரி சொல்லவில்லை. ரோட்டில் பார்த்தால் அவர்தான் முதலில் கை தூக்குவார். எனக்கு வெட்கம், வண்டியை நிறுத்தாமல் போவேன்.

போன மாசம் வாட்ஸப்பில் கேட்டிருந்தார். "சார் நெட்டு நல்லா வருதா. சின்னவரு எப்டி இருக்காரு."

பார்த்தேன். பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன், இந்தத் தடவை நிஜமாகவே. அப்புறம் பதில் போடலாம் என்று விட்டுவிட்டேன்.

இப்போது மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பிளாஸ்திரி அப்படியே இருக்கிறது. ஏழு மணி ஆகிறது... கீழே அம்மா டிவியை மட்டும் அணைத்துவிட்டு, ஜெரால்டின் பிள்ளையை வீடியோ காலில் ஜெபத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

நெட்டு நல்லா வருது ஏழுமலை. சின்னவன் நல்லா இருக்கான்.

அன்னிக்குக் கத்தினதுக்கு சாரி. போய் வாங்க.