அக்கா கட்டிய இடிந்த வீடு

அக்கா ஒரு வெள்ளைக் கட்டையை நகத்தால் நெம்பி எடுத்துவிட்டு அந்த இடத்தில் சிவப்புக் கட்டை ஒன்றைச் செருகியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பிளாஸ்டிக் கட்டைகளை அடுக்கிக் கட்டும் விளையாட்டு வீடு அது. நாகர்கோவிலில் எங்கள் வீட்டு மாடியறைத் தரையில் அக்காவும் அவள் மகளும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். “எதுக்கும்மா சிவப்பு?” என்று பிள்ளை கேட்டாள். “காரை பேந்து உள்ள செங்கல்லு தெரியுதுல்லா மக்கா, அதுக்கு” என்றாள் அக்கா, தலையை நிமிர்த்தாமல்.

அக்காவைக் கட்டிக்கொடுத்தது கடியப்பட்டணத்தை அடுத்த ஒரு கடற்கரை ஊரில். அத்தான் சில வருடங்கள் வளைகுடா நாட்டுப் படகுகளில் மீன்பிடித்துச் சேர்த்ததில் கடலைப் பார்த்த வாசலோடு வெள்ளையாய் ஒரு வீடு கட்டினார். கடைசியாக ஊர் திரும்பியபோது மகளுக்கென்று கொண்டுவந்ததுதான் அந்தக் கட்டைப் பெட்டி. பிறகு உள்ளூர் விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒரு புயலில் அந்தப் படகு திரும்பவில்லை. கூடப் போனவர்களில் சிலருடைய உடல்கள் எங்கெங்கோ கரை ஒதுங்கின. அத்தானுடையது கிடைக்கவேயில்லை. கிடைக்காத உடலுக்கு அக்கா அழ மறுத்தாள். தாலியைக் கழற்றவில்லை, தேவாலயத்தில் இறந்தோருக்கான பூசை வைக்கவும் விடவில்லை. பிள்ளையிடம், “அப்பா தூரத்துக்குத் தொழிலுக்குப் போயிருக்காவ” என்று சொல்லிவைத்தாள். எங்களில் ஒருவருக்கும் அதை மறுத்துப் பேசத் துணிவு வரவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் கடல் முற்றத்தைத் தின்றது. முன்சுவர் வெடித்ததும் நான் போய் இருவரையும் அழைத்துவந்தேன். பிள்ளை நாள்தோறும் அந்தக் கட்டைகளால் தங்கள் வீட்டைக் கட்டுவாள். சுத்தமான வெள்ளைச் சுவர், நீலக் கதவு, வாசலில் பச்சை மரம். “அப்பா வந்தா இங்கதானே வருவாவ? வீடு நல்லா இருக்கா?” என்பாள். “நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டு அக்கா அறையை விட்டுப் போய்விடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளை அடம்பிடித்ததால் மூவரும் கடற்கரை வீட்டைப் பார்க்கப் போனோம். சுற்றுச்சுவர் இருந்த இடத்தில் அலை அடித்தது. தூண் ஒன்று குடிகாரனைப்போலச் சாய்ந்து நின்றது. உப்புக்காற்று அரித்த சுவரில் காரை பாளம்பாளமாகப் பெயர்ந்திருந்தது. பிள்ளை ஒவ்வொன்றையும் உற்றுப் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் தான் கட்டிவைத்திருந்ததைத் தூக்கிக்கொண்டுவந்து அம்மா மடியில் வைத்தாள். “இது நம்ம வீடு இல்ல. பொய்யி.”

அன்று மாலைதான் அக்கா தரையில் உட்கார்ந்தாள். வெள்ளையை எடுத்துச் சிவப்பைச் செருகியது அப்போதுதான். ஈரம் ஊறிய கறைக்குத் தேயிலைச் சாயத்தைப் பஞ்சில் நனைத்துத் தடவினாள். கதவின் நீலத்தை உப்புத்தாளால் தேய்த்து வெளிற வைத்தாள். தூணின் அடிக்கட்டையைப் பாதி மட்டும் அழுத்தியதும் அது அப்படியே சாய்ந்து நின்றது. “சன்னலுக்கு ஒரு கதவுதாம்மா இருந்துது” என்று பிள்ளை ஞாபகப்படுத்த, மற்றதைக் கழற்றினாள். கூரையின் மூலையைப் பிய்த்தபோது பிள்ளை, “அங்கதான் அப்பா தலை முட்டும்” என்றாள். அக்கா சிரித்துவிட்டாள். எங்கள் வீட்டுக்கு வந்தபின் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

என் மனைவிக்கு அது பொறுக்கவில்லை. “பிள்ளைக்கு இடிஞ்ச வீட்டயா மைனி கெட்டிக் குடுப்பிய? நல்லதா ஒண்ணு கெட்டுங்க” என்றாள். அக்கா கோபப்படவில்லை. “அது கண்ணால பாத்துட்டு வந்துட்டு. இனி நல்ல வீட்டக் காட்டுனா என்னைய நம்பாது” என்று மட்டும் சொன்னாள்.

அதன்பின் ஊருக்குப் போய்வரும் ஒவ்வொரு முறையும் அங்கே விழுந்ததை இங்கேயும் எடுத்தார்கள். முன்னறை போயிற்று. பிறகு அடுக்களை. எடுத்த கட்டைகளைப் பிள்ளை கழுவித் துடைத்துப் பெட்டியில் போடுவாள். கட்டுவதைவிட அதில் அதிகக் கவனம் இருந்தது இருவருக்கும். உண்மையை இப்படிக் கொஞ்சம்கொஞ்சமாகக் கையில் எடுத்துப் பழகலாம் என்பது எனக்கு அதற்குமுன் தெரியாது. ஆனால் எந்த உண்மைக்குப் பழகிக்கொண்டிருந்தார்கள் என்பது அப்போதும் எனக்குப் பிடிபடவில்லை.

கடைசியாகப் போனபோது அங்கே கடல் மட்டும்தான் இருந்தது. திரும்பிவந்து மிச்சமிருந்த பின்சுவரை இருவரும் சேர்ந்து பிரித்தார்கள். கட்டைகளைப் பதித்திருந்த பச்சை அடித்தட்டு மட்டும் வெறுமையாகக் கிடந்தது. பிள்ளை அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“அப்பாவும் இப்படித்தானாம்மா?”

நான் வாசற்படியில் நின்றிருந்தேன். எப்போதும் சொல்வதையே சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அக்கா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆமா மக்கா. அப்பா வரமாட்டாவ. கடல்ல போயிட்டாவ. அம்மாவுக்குத் தெரியும். சொல்லத்தான் வாய் வரல்ல.”

பிள்ளை மடியில் ஏறிக்கொண்டாள். புயலுக்குப் பிறகு முதல்முறையாக அக்கா குரலெடுத்து அழுதாள். கீழேயிருந்து ஓடிவந்த என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அந்த வாரமே அக்கா பங்குச் சாமியாரைப் பார்த்துப் பூசைக்குச் சொன்னாள். பூசையன்று கோவிலில் மகளை அணைத்தபடி முதல் வரிசையில் இருந்தாள்.

பிள்ளை இப்போது திருவனந்தபுரத்தில் நர்ஸ். முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் ஒரு கல் வைக்க வேண்டும் என்றாள். அடியில் புதைக்க எதுவுமில்லை என்று யாரும் சொல்லவில்லை. போன மாதம் கல் செதுக்கச் சொல்ல மூவரும் மயிலாடிக்குப் போனோம். கல் செதுக்குகிறவர் பெயரை எழுதி வாங்கிக்கொண்டு, “இறந்த தேதி என்ன போடட்டும்?” என்று கேட்டார். படகு கிளம்பிய நாள் எங்களுக்குத் தெரியும். மற்றது யாருக்குத் தெரியும்? நான் அக்காவைப் பார்த்தேன்.

“தேதி வேண்டாம்” என்றாள் அக்கா. “எங்களுக்கே தெரியாதத கல்லுல எழுதாண்டாம். பேரு போதும்.”

மகள் அவள் தோளில் கை போட்டுக்கொண்டாள். உளிச்சத்தத்துக்கு நடுவே, அந்தப் பெயரின் முதல் எழுத்து விழும்வரை இருவரும் அங்கேயே நின்றார்கள்.