பதினேழாம் எண் இலை

நாற்பத்தெட்டு வயதில் பகுதிநேர முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தேன். நெறியாளர் என்னைவிட ஒன்பது வயது இளையவர். நான் அவரை சார் என்பேன், அவரும் என்னை சார் என்பார். அண்ணாமலை நகர் ஆய்வகத்தில் யார் மாணவர் என்று சந்தேகம் வந்தால், திட்டு வாங்குபவரைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

என் வேலை நெல் ரகங்களைப் பிரித்தறிவது. நெல்லின் டிஎன்ஏவில் சில இடங்களில் இரண்டு மூன்று எழுத்துகளே திரும்பத் திரும்ப வரும். எத்தனை முறை என்பது ரகத்துக்கு ரகம் மாறும். மார்க்கர் எனப்படும் அந்தத் துண்டைப் பெருக்கி ஜெல்லில் ஓடவிட்டால், நீளத்துக்கேற்ற உயரத்தில் பட்டை விழும். வீட்டில் இதை விளக்கியபோது மனைவி, "திரும்பத் திரும்ப அதேவா? நீங்க பேசுற மாதிரிதான்" என்றாள்.

இருபது மாதிரிகளில் பதினேழாவது மட்டும் எதனோடும் சேரவில்லை. பாதி மார்க்கர்களுக்குப் பட்டையே இல்லை. விழுந்தவையும் விசித்திரமான உயரங்களில். குறிஞ்சிப்பாடியில் மச்சான் வயலில், நாற்று நட்ட புதிதில், நானே பறித்த இலை அது. மறுபடி ஓட்டினேன், அதே விடை. இதுவரை யாரும் காணாத ரகம் என்று நெறியாளரிடம் அறிவித்துவிட்டேன். வெள்ளிக்கிழமை கருத்தரங்கில் அதைப் பற்றித்தான் பேச வேண்டும். ஆய்வேடே அதன்மேல்தான் நின்றது.

புதன்கிழமை இன்னும் கொஞ்சம் இலை பறிக்கப் போனேன். நான் சிவப்பு நூலும் அட்டையும் கட்டிய செடி செழித்து நின்றது.

"இது புல்லு மாமா" என்றார் மச்சான்.

"நெல்லும் புல் வகைதான் மச்சான்."

"அது சரி. இது களப்புல்லு." ஒரு நெற்பயிரை வளைத்துக் காட்டினார். "எல தண்ட புடிக்கிற எடத்துல சின்னதா தோலு நிக்குது பாருங்க. இதுல இருக்கா?"

இல்லை.

"களை எடுக்கறப்ப ஏன் விட்டீங்க?"

"நீங்க நூலு கட்டியிருந்தீங்களே. படிச்சவரு, புல்லத்தான் ஆராய்ச்சி பண்றாருன்னு பொம்பளைங்க சுத்திப்போய் களை எடுத்தாங்க. ஒரு தடவ உரங்கூட வச்சோம்."

மறுநாள் நெறியாளரிடம் சொன்னேன். அவர் ஜெல் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார்.

"மார்க்கர் ரெண்டு தடவ சொல்லியிருக்கு சார், இது நெல்லு இல்லன்னு" என்றார். "நாமதான் கேக்கல."

அந்த 'நாம' அவருடைய பெருந்தன்மை.

வெள்ளிக்கிழமை பத்தொன்பது ரகங்களைப் பற்றிப் பேசினேன். பதினேழுக்குப் புது இலை பிறகு வந்தது. ஆய்வேட்டின் அட்டவணையில் 'இலை சேகரித்தவர்' என்ற கட்டத்தில், அந்த ஒரு வரியில் மட்டும் மச்சான் பெயர் இருக்கிறது.